இளைஞர் மன்றத்துக்கு ஒரு வருடத் திட்டம் போட வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

புளியந்தோப்பு செயலாளர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். புளியந்தோப்பில் எங்கள் தெரு முனையில் ஒரு இளைஞர் மன்றம் பல வருடமாக இருக்கிறது. ஒரே அறை, வாசலில் பேப்பர் படிக்க ஒரு பெஞ்சு, உள்ளே இரண்டு கேரம் போர்டு, பக்கத்திலேயே மாநகராட்சித் திடல். இந்த முறை பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். உறுப்பினர்கள் நாற்பது பேருக்குப் பக்கம், ஒன்பதாவது படிக்கும் பையனில் ஆரம்பித்து கல்யாணமான அண்ணன்கள் வரை. மாதச் சந்தா 50 ரூபாய்.

எங்கள் மன்றத்தில் வருடத்துக்கு மூன்று விஷயம்தான் உருப்படியாக நடக்கும். பொங்கல் விளையாட்டுப் போட்டி, ஆகஸ்ட் 15 கொடியேற்றம், ஆயுத பூஜை. இந்த மூன்றுக்கும் தெருவே திரண்டு வரும். மற்ற நாளெல்லாம் கதவு திறந்திருக்கும், உள்ளே நாலு பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்தாவது முடித்த பையன்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் சாயங்காலத்தில் அவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள், யாரோடு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கமிட்டியில் ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு மாதம் ஒரு விழா என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் கையில் இருக்கும் பணத்துக்கும் ஆளுக்கும் இது நடக்குமா என்று சந்தேகம். பெண் பிள்ளைகள் யாரும் மன்றத்துக்குள் வருவதில்லை, அதையும் மாற்ற வேண்டும் என்று ஆசை. நடத்தி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் படிப்பகம்

தம்பி, முதலில் அந்த மாதம் ஒரு விழா தாளை ஓரமாக வையுங்கள். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், ஆனால் மாதம் ஒரு விழா என்றால் ஓடுவது நாலைந்து பேர்தான். ஒலிபெருக்கிக்கு ஒருவன், சாமியானாவுக்கு ஒருவன், வசூலுக்கு இரண்டு பேர், மூன்றாவது மாதமே அவர்கள் களைத்துப் போவார்கள், அதோடு திட்டமும் போச்சு. நீங்களே சொல்கிறீர்கள், விழாவுக்குத் தெருவே வருகிறது என்று. அப்படியானால் உங்களுக்கு விழாவில் குறை இல்லை. விழாவுக்கும் விழாவுக்கும் நடுவே இருக்கும் வாரங்கள்தான் காலி. பையன்களை நீங்கள் இழப்பது அந்த வாரங்களில்தான்.

அதனால் திட்டத்தை வாரத்திலிருந்து தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட நேரம், எது வந்தாலும் அது நடக்கும் என்று இருக்க வேண்டும். எங்களிடம் சனிக்கிழமை சாயங்காலம் கேரம், ஞாயிறு காலை 6 மணிக்குத் திடலில் கால்பந்து. மூன்று பேர் வந்தாலும் நடத்துவோம், முப்பது பேர் வந்தாலும் நடத்துவோம். கேரத்தைச் சும்மா பொழுதுபோக்காக விடாதீர்கள், வருடம் முழுக்க ஓடும் லீக் ஆட்டமாக்குங்கள், புள்ளிப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். நம் ஊரில் கேரம் ஆடும் பையனுக்கு அதற்கு மேல் ஒரு உலகம் இருக்கிறது. இரண்டு முறை உலக சாம்பியன் ஆகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர்தான். இதைச் சொல்லி விளையாட வையுங்கள், பையன் உட்காரும் விதமே மாறும்.

அடுத்தது, வருடத்தை ஜனவரியில் தொடங்காதீர்கள், ஜூனில் தொடங்குங்கள். பள்ளி திறப்பது ஜூனில், பையன் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போவதும் அப்போதுதான், அவன் மனதில் வருடம் என்பது அதுதான். பிறகு ஒரு பெரிய தாளில் நாம் எதுவும் வைக்கக் கூடாத நாட்களை முதலில் சிவப்பில் அடியுங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் பாதி வரை பன்னிரண்டாவது, பத்தாவது பொதுத்தேர்வு. இந்த நாட்களில் மன்றத்தில் சத்தமே கூடாது, அறையைப் படிக்கக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் பிள்ளைக்கு ராத்திரி 9 மணி வரை ஒரு மேசையும் டியூப்லைட்டும் கிடைத்தால் அது எந்த விழாவையும் விடப் பெரியது. கல்லூரியில் படிக்கும் உறுப்பினர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லித் தர உட்கார்ந்தால் போதும். எங்கள் மன்றத்துக்குப் பெற்றோர் மத்தியில் மரியாதை வந்தது கோப்பையால் இல்லை, இந்தப் படிப்பு மாதங்களால்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தையும் சிவப்பில் அடியுங்கள். நம் பையன்களில் பாதிப் பேர் அப்போது தி.நகரிலோ சௌகார்பேட்டையிலோ துணிக்கடை, பட்டாசுக்கடை வேலைக்குப் போய்விடுவார்கள், அந்த வருமானம் அவர்கள் வீட்டுக்குத் தேவை. வரவில்லையே என்று கோபிப்பதில் பயன் இல்லை. மே மாதக் கத்திரி வெயிலில் காலை 8 மணிக்கு மேல் திடலில் எதுவும் வேண்டாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை, வெளியில் எதையும் நம்பி வைக்க முடியாது.

இவ்வளவும் அடித்த பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில் மூன்று அல்லது நாலு பெரிய நிகழ்ச்சிக்குத்தான் இடம் இருக்கும். அது போதும். பொங்கல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகஸ்டில் கொடியேற்றத்தோடு நிறுத்தாமல், 22ஆம் தேதி சென்னை தினத்தை ஒட்டி ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1639 ஆகஸ்ட் 22 என்று நகரத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம், ஆனால் புளியந்தோப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் போயிருக்கிறார்கள்? அது 1851இல் தொடங்கியது, அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். வெள்ளிக்கிழமை மட்டும் அருங்காட்சியகம் விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பொங்கலை ஒட்டி புத்தகக் காட்சிக்கு ஒரு நாள். மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் பாஸ் ஆனவர், ஆகாதவர் எல்லோரையும் உட்கார வைத்து அடுத்து என்ன படிக்கலாம் என்று ஒரு கூட்டம், அதிலும் ஐடிஐ, பாலிடெக்னிக் படித்து வேலையில் இருக்கும் நம் தெரு ஆட்களையே பேச வையுங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். அந்த ஒரு வாரத்தில் கை விட்டால் ஒரு பையனின் படிப்பே நின்றுவிடும்.

தண்டையார்பேட்டை அக்கா

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எங்கள் பகுதியில் பெண்களுக்கான பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் வரவில்லை என்று எல்லா மன்றத்திலும் சொல்வார்கள். அவர்கள் வரும்படி அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. முதலில் கழிப்பறை. உங்கள் அறையில் இல்லை என்றால் பக்கத்து வீட்டு அம்மா யாரிடமாவது பேசி வையுங்கள். இரண்டாவது நேரம். சாயங்காலம் 7 மணிக்கு வைத்தால் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள், 4.30 முதல் 6 வரை என்றால் அனுப்புவார்கள். மூன்றாவது, அந்த நேரம் அவர்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும், ஆண் பிள்ளைகள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நாலாவது, கமிட்டியில் இரண்டு பெண்கள். பெயருக்கு இல்லை, பணம் எங்கே செலவாகிறது என்று கேட்கும் அதிகாரத்தோடு.

கேரம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண். ஆட்டோ ஓட்டும் அப்பாவிடமே கேரம் கற்றுக்கொண்டு வளர்ந்தவர். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் தெருவில் அம்மாக்களே பிள்ளைகளைக் கேரம் போர்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் இரண்டு போர்டில் ஒன்றை வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கு என்று ஒதுக்குங்கள், செலவே இல்லை. சிலம்பமும் வைக்கலாம், ஆனால் சொல்லித்தர வருபவர் யார், எப்படிப்பட்டவர் என்று நன்றாக விசாரித்த பிறகு.

இன்னொன்றும் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், பெண் பிள்ளைகள் இருந்தால் பெரிய பெண் ஒருவர் கூட வர வேண்டும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் அறையில் தனியாக இருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098ஐ உள்ளே எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது தேவை, அவர்கள் சொல்லாமல் விழுங்குவது அதிகம்.

வேளச்சேரி தன்னார்வலர்

பெரம்பூர் அண்ணா, உங்கள் பதிலில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மழை மாதங்களைச் சிவப்பில் அடித்துவிட்டால் சென்னையில் மன்றம் எதற்கு? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தெருவில் முதலில் தண்ணீரில் இறங்கியது யார்? இந்த மாதிரி மன்றத்துப் பையன்கள்தான். விழா வைக்காதீர்கள், சரி. ஆனால் அந்த மாதங்களுக்கென்று தனி வேலை திட்டத்தில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் இரண்டாவது பாதியில், காலாண்டுத் தேர்வு இல்லாத பெரிய பையன்களை வைத்துத் தெருவைச் சுற்றி வாருங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு டயாலிசிஸ், யார் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்த நோட்டு செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எந்த மழைநீர் வடிகால் அடைத்திருக்கிறது என்று பார்த்து மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்துப் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் புளியந்தோப்பில் தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் ஏறும் என்று அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அப்புறம் டார்ச், கயிறு, பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி. பையன்களை வடிகாலுக்குள் இறக்கி அடைப்பு எடுக்க வைப்பதும், மழை நேரத்தில் மின்பெட்டிப் பக்கம் அனுப்புவதும் வேண்டவே வேண்டாம், அது மாநகராட்சியும் மின்வாரியமும் செய்ய வேண்டிய வேலை. ஆர்வத்தில் இறங்கிவிடுவார்கள், முன்கூட்டியே கண்டித்துச் சொல்லி வையுங்கள்.

பிப்ரவரியில் ஒரு இரவு ஆமை நடைக்குக் கூட்டிப் போகலாம். 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றிவரும் மாணவர் அமைப்பு இருக்கிறது, சீசனில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எத்தனையோ முறை கடலைப் பார்த்த பையன்கள் முதல் முறை ஒரு பங்குனி ஆமை கரையேறுவதைப் பார்க்கட்டும். கடலில் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது.

புளியந்தோப்பு செயலாளர்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. கழிப்பறை விஷயம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, இன்றைக்கே எதிர்வீட்டு அம்மாவிடம் பேசினேன், ஒப்புக்கொண்டார்கள். மழை நோட்டும் கட்டாயம் போடுவோம்.

இரண்டு சந்தேகம். வேலைக்குப் போகும் உறுப்பினர்கள், டெலிவரி, வெல்டிங் பட்டறை, ஷிஃப்ட் என்று இருப்பவர்கள், சனி ஞாயிறும் வர முடியாது. அவர்களுக்கு என்ன வைப்பது? ரத்ததானம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொன்று பணம். சந்தா எல்லோரும் கட்டினால் வருடத்துக்கு 24,000 வரும், ஆனால் பாதிதான் வரும். உள்ளூர் கட்சிக்காரர் ஒருவர் ஜெர்சியும் கோப்பையும் தருகிறேன் என்கிறார்.

அம்பத்தூர் கணக்காளர்

பணத்துக்கு நான் சொல்கிறேன். 24,000 என்று எழுதாதீர்கள், 12,000 என்று எழுதித் திட்டம் போடுங்கள். அதில் முதலில் எடுத்து வைக்க வேண்டியது கரண்ட் பில், பேப்பர், கேரம் பவுடர், காய்கள், பந்து, முதலுதவி. மிச்சத்தில் நிகழ்ச்சி. பொங்கல் போட்டிக்குத் தனியாகத் தெரு வசூல், அந்தக் கணக்கை பொங்கல் முடிந்த வாரமே மன்ற வாசலில் ஒட்ட வேண்டும், வசூல் கொடுத்தவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. மன்றங்கள் உடைவதற்கு முக்கால்வாசிக் காரணம் எழுதாத கணக்குதான்.

கட்சிக்காரர் ஜெர்சி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் அந்த ஜெர்சியோடு ஊர்வலத்துக்கு வரச் சொல்வார்கள், வேறு கட்சி வீட்டுப் பிள்ளை அன்றைக்கே வெளியே போய்விடுவான். பெயர் போடாமல் பந்தாகவோ புத்தகமாகவோ தருகிறேன் என்றால் ரசீது கொடுத்து வாங்குங்கள். தெருவில் இருக்கும் மளிகைக்கடை, மருந்துக்கடை, மெக்கானிக் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் ஜெர்சி வந்துவிடும். பேனருக்கு ஒரு ரூபாயும் ஒதுக்காதீர்கள், அனுமதி இல்லாத பேனர் சட்டப்படி குற்றம், பணமும் வீண்.

மன்றம் பதிவாகியிருக்கிறதா? இல்லை என்றால் இந்த வருடத் திட்டத்தில் அதையும் ஒரு வேலையாகச் சேருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் பதியலாம், அதன்பின் வருடாவருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, நிகழ்ச்சித் திட்டம் ஜூன் முதல் மே வரை, இரண்டும் தனித்தனி, குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு தொடங்கலாம், மாநகராட்சியிடம் திடலுக்கு எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம்.

உடற்கல்வி ஆசிரியர், கொளத்தூர்

வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம்தோறும் என்று வற்புறுத்தாதீர்கள். ராத்திரி 8.30 முதல் 10 வரை கேரம் லீக்கில் அவர்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள், ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் இரண்டு போர்டு ஆடிவிட்டுப் போவான். பெரிய வேலையை விட ஒரு சின்னப் பொறுப்பு கொடுங்கள், சாவி, நோட்டு, பந்துக்குக் காற்று அடிப்பது, எதுவானாலும். பொறுப்பு இருக்கிறவன் விட்டுப் போவது குறைவு.

விளையாட்டில் ஒரு இலக்கு வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி, கல்லூரிப் பிரிவோடு பொதுப்பிரிவும் உண்டு, வேலைக்குப் போகும் உங்கள் ஆட்களும் அதில் இறங்கலாம். தேதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அதனால் திட்டத்தில் தேதி எழுதாதீர்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அறிவிப்பைப் பார்ப்பது யார் வேலை என்று ஒரு பெயரை எழுதுங்கள். ஆதார், வயதுச் சான்று, பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் ஜூன் மாதமே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். கடைசி நாளில் பாஸ்புக் இல்லாமல் நின்ற பையன்களைப் பார்த்து எனக்கு மனது கேட்டதில்லை.

ரத்ததானம் நல்லது, ஆனால் அவசரத்தில் வைக்காதீர்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் கொடுக்க முடியாது, இன்றைக்குப் பாதிப் பையன்கள் கையில் டாட்டூ இருக்கிறது, அன்றைக்கு வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் அசிங்கப்பட்டதாக நினைப்பார்கள், முன்பே விசாரித்துவிடுங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். ஜூன் 14 ரத்த தானம் செய்பவர்களுக்கான உலக நாள், உங்கள் திட்டம் ஜூனில் தொடங்குவதால் அதுவே பொருத்தம். அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள், உங்களுக்கு ஸ்டான்லி பக்கம்.

பொங்கல் போட்டிக்கு ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், ராத்திரி 10 மணிக்கு அணைத்துவிட வேண்டும்.

பெரம்பூர் படிப்பகம்

வேளச்சேரி நண்பர் சொன்ன மழை வேலை சரிதான், நான் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் மன்றத்திலும் இந்த செப்டம்பரில் அந்த நோட்டு போடப்போகிறோம். அக்கா சொன்னதைத் திட்டத்தில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், கடைசிப் பக்கத்தில் வேண்டாம்.

தம்பி, இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். ஒரு ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டு, சிவப்பு அடித்த தாளைச் சுவரில் ஒட்டி, சின்னப் பையன்களை முதலில் பேச விடுங்கள், அண்ணன்கள் பேச ஆரம்பித்தால் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். யார் எதைக் கேட்கிறார்களோ அதற்கு அவர் பெயரையே பொறுப்பாக எழுதுங்கள், கூட ஒரு பெரியவர் பெயர். யாரும் பெயர் கொடுக்காத நிகழ்ச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாளைத் திருத்துங்கள். வராமல் போன அந்தப் பத்தாவது முடித்த பையன்களை வாட்ஸ்அப்பில் கூப்பிடாதீர்கள், வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள்.

புளியந்தோப்பு செயலாளர்

வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு வைத்திருக்கிறோம், கால்பந்து முடிந்ததும் அப்படியே உட்காருகிறோம். பெண் பிள்ளைகளோடு தனியாகச் சாயங்காலம் 4.30க்குப் பேச என் அக்காவும் எதிர்வீட்டு அம்மாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்சிக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். பதிவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று அம்பத்தூர் அண்ணா நேரம் கிடைக்கும்போது தனியாக எழுதினால் உதவியாக இருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் மூன்று பையன்கள் வீட்டுக்குப் போகிறேன்.